மறு: கப்பல் கையேட்டில் ‘ஷோர் எக்ஸ்கர்ஷன்’ – தமிழில் என்ன?

அன்புடையீர், மத்தியதரைக் கடல் கப்பல் பயணக் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். கப்பல் காலையில் துறைமுகத்துக்கு வந்து மாலையில் கிளம்பும். இடையில் கப்பல் நிறுவனமே கட்டணம் வாங்கிக்கொண்டு, பேருந்தும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்து ஊரைச் சுற்றிக் காட்டுவதுதான் ‘ஷோர் எக்ஸ்கர்ஷன்’. இப்போதைக்கு ‘கரையுலா’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

———

> ‘கரையுலா’

உலா என்ற சிற்றிலக்கியத்தில் தலைவன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிர் அவனைக் காண்பது. இங்கே ஊர் பயணியைப் பார்க்கவில்லை. பயணிதான் ஊரைப் பார்க்கிறார். பயணம் என்ற பொருளில் ‘செலவு’ என்ற பழஞ்சொல் இருக்கிறதே! செலவு, வரவு, தரவு, கொடை என்று தொல்காப்பியர் சேர்த்தே சொல்கிறார். செலவைப் படர்க்கைக்கு, அதாவது பேசுபவரும் கேட்பவரும் அல்லாத இடத்துக்கு, உரியதாக்குகிறார். கப்பலை விட்டு அப்பால் போவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. பாலைத்திணையில், பிரிந்து போக இருந்த தலைவன் பயணத்தைத் தவிர்ப்பதைச் சொல்லும் செலவழுங்குதல் என்று ஒரு துறையே உண்டு. ‘கரைச்செலவு’ என்று வையுங்கள்.

———

ஐயா, கட்டணப் பட்டியலுக்கு மேலே ‘கரைச்செலவு’ என்று போட்டால் படிப்பவர் பணச்செலவு என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘சுற்றுலா’ வழக்கில் ஊன்றிய பிறகு உலாவின் பழைய இலக்கணத்தைக் காட்டி மறுப்பது சரியில்லை.

எனக்குக் கவலை வேறு. மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவில் கப்பல் கோட்டை மதிலின் அடியிலேயே நிற்கும். பராக்கா லிஃப்ட்டில் ஏறினால் 58 மீட்டர் உயரத்தில் மேல் பராக்கா தோட்டம். பகல் 12 மணிக்குப் பீரங்கி வேட்டு. அப்புறம் கொஞ்சம் நடந்தால் புனித யோவான் இணைப் பேராலயம். அங்கே கரவாஜியோ 1608இல் வரைந்த யோவான் தலைவெட்டு ஓவியம். இதற்கெல்லாம் பேருந்தே வேண்டாம், தானாகவே பார்த்து வரலாம்.

ஆனால் வேறொரு கடல் பயணத்தில், ‘பெர்லின்’ என்று நிரலில் போட்டிருந்தால் கப்பல் நிற்பது ஜெர்மனியின் பால்டிக் கரையிலுள்ள வார்னமுண்டேயில். அங்கிருந்து பெர்லின் 200 கிலோமீட்டருக்கும் மேல். கப்பல் நடத்தும் பயணத்தில் போனவர்கள் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. அவர் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். ‘கரையுலா’ இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. ‘கப்பல்வழிக் கரையுலா’, ‘தனிக் கரையுலா’ என்று பிரித்தால்தான் பயணி பிழைப்பார்.

———

> ‘கப்பல்வழி’

கப்பலின் வழியாகப் போவது என்று பொருள் திரியும். ‘கப்பலார் கரையுலா’ எனலாமே, ‘வீட்டார்’, ‘ஊரார்’ போல.

———

‘கப்பலார்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வ.உ.சி.யைக் கப்பலோட்டிய தமிழர் என்று சொல்லிப் பழகிய நமக்குக் ‘கப்பலார்’ ஒருவரைக் குறிக்கும் மரியாதைப் பெயராகவும் தோன்றும்.

———

நன்றி. ‘கரையுலா’ என்றே வைக்கிறேன். கப்பல் நிறுவனம் நடத்துவது வரும் இடங்களில் ‘கப்பல் ஏற்பாட்டுக் கரையுலா’. காத்திருப்பு விதியைத் தனிப் பெட்டியில் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

———

கையேட்டுக்கு அப்படியே போகட்டும். கலைச்சொல் பட்டியலில் ‘கரைச்செலவு’ம் இடம்பெற வேண்டும். செலவுக்குப் பயணம் என்ற பொருள் செத்துவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. சான்றுகளை நாளை தனி இழையில் தருகிறேன்.