50 ஹெலி: ஹோவரில் சரி, ஏற்றும்போது திணறுகிறது. எந்த நீடிலில் கை வைப்பது?

ரோட்டார்பிரியன்

50 அளவு நைட்ரோ ஹெலி (ரிமோட்டில் பறக்கும் மாடல் ஹெலிகாப்டர்). 8.2 சிசி என்ஜின், இரண்டு நீடில் (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு) உள்ள கார்ப் (கார்புரேட்டர்). எரிபொருளில் 30% நைட்ரோ, 20% ஆயில். பிரேக்-இன் முடிந்துவிட்டது. மெயின் நீடில் முழுக்க மூடிய நிலையிலிருந்து ஒன்றேகால் சுற்று திறந்திருக்கிறது.

ஹோவர் அமைதியாக இருக்கிறது. ஐடில்-அப்பில் (ஸ்டிக்கை இறக்கினாலும் என்ஜின் வேகம் குறையாத மோட்) நேராக ஏற்றினால் மூன்று நான்கு விநாடியில் ஹெட்ஸ்பீடு (ரோட்டாரின் சுழல்வேகம்) விழுகிறது, புகையும் மெலிகிறது. இறக்கிய பிறகு ஐடில் உடனே அடங்காமல் உயர்ந்தே நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்குகிறது. கவர்னர் (ஹெட்ஸ்பீடைத் தானாக நிலைநிறுத்தும் கருவி) ஆனில் இருக்கிறது. ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் போதுமா?

நீடில்வாத்தியார்

ஐடில் ஸ்க்ரூவை இப்போதைக்குத் தொடாதீர்கள் நண்பரே. இந்த வகை கார்பில் எரிபொருள் முதலில் மெயின் நீடிலைத் தாண்டித்தான் ஐடில் பகுதிக்கு வருகிறது. அதனால் மெயினை மாற்றினால் ஐடிலும் மாறும். ஐடிலை முதலில் சரிசெய்தால் அந்த வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

அதற்கும் முன்னால் கவர்னரை அணைத்து, சாதாரண த்ராட்டில் கர்வில் பறக்க விடுங்கள். கலவை எப்படிக் கெட்டிருந்தாலும் கவர்னர் த்ராட்டிலைக் கூட்டிக் குறைத்து ஹெட்ஸ்பீடை இழுத்துப் பிடிக்கும். அதுவும் முடியாமல் போகும்போதுதான் குறை வெளியே தெரியும். ட்யூனிங் நேரத்தில் அது கண்ணை மறைக்கிற வேலை.

ஏற்றும்போது புகையையும் சத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். புகை மெலிந்து, சத்தம் வறண்டு இறுகினால் லீன் (கலவையில் எரிபொருள் குறைவு). புகை அடர்த்தியாக வந்து, கொரகொரவென்று விட்டுவிட்டு ஓடினால் ரிச் (எரிபொருள் அதிகம்). புகை நன்றாக இருந்தும் ஹெட்ஸ்பீடு விழுந்தால் குற்றம் நீடிலில் இல்லை, பிட்ச் (பிளேடின் சாய்வுக் கோணம்) அதிகம். மேல் எல்லை 11 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். 13 டிகிரி கொடுத்துவிட்டு இந்த என்ஜினிடம் ஹெட்ஸ்பீடை எதிர்பார்க்க முடியாது.

உங்களுடையது லீன் என்றே படுகிறது. ஒன்றேகால் சுற்று அந்த அளவுக்குக் குறைவு. ஒன்றரைக்கு மேல் திறந்து, ரிச்சான பக்கத்திலிருந்து உள்ளே வாருங்கள். ஒரு கிளிக் மூடுங்கள், ஒரு நீண்ட ஏற்றம் பாருங்கள், இறக்குங்கள், மறுபடி ஒரு கிளிக். ஏற்றத்தில் பலம் கூடுவது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து இரண்டு கிளிக் திறந்து விட்டுவிடுங்கள். அந்த இரண்டு கிளிக்தான் பிஸ்டனுக்கும் லைனருக்கும் ஆயுள். ஆயில் எரிபொருளோடுதான் உள்ளே போகிறது. லீனாக ஓட்டினால் சூடு ஏறுவது மட்டுமில்லை, மசகும் குறையும்.

இறக்கியவுடன் என்ஜினை நிறுத்தி, பிளேடு நின்றதும் என்ஜினின் பின்தகட்டில் விரலை வையுங்கள். மூன்றிலிருந்து ஐந்து விநாடி தாங்கினால் நல்லது. பட்டவுடன் கையை எடுக்க வேண்டியிருந்தால் லீன். எவ்வளவு நேரமும் வைத்திருக்க முடிந்தால் ரிச்.

நீடிலைத் திருப்புவது எப்போதும் பிளேடு முழுக்க நின்ற பிறகுதான். ஸ்டார்ட் செய்யும்போது த்ராட்டில் ஹோல்ட் (த்ராட்டிலை ஐடிலிலேயே நிறுத்தும் ஸ்விட்ச்) போட்டு, ஒரு கையால் ரோட்டார் ஹெட்டைப் பிடித்திருங்கள்.

வால்விசிறி

மேலே சொன்னதோடு ஒன்று. ஐடில் உயர்ந்தே நின்று மெதுவாக இறங்குவது காற்றுக் கசிவுக்கும் உள்ள அடையாளம். கசிவு இருக்கும்போது நீடிலைத் திருகினால் இன்றைக்குச் சரியாகும், நாளைக்கு மாறிவிடும். அதனால் முதலில் இதைப் பாருங்கள்.

டேங்கைக் கழற்றி, ஒரு குழாயை அடைத்து, மற்றதில் ஊதித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் ரப்பர் அடைப்பானில் குறை. சிலிகான் டியூபில் பித்தளை முனை ஏறும் இடத்தில்தான் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். முனையை அரை அங்குலம் வெட்டிவிட்டு மாட்டினால் போதும். டேங்கின் உள்ளே இருக்கும் டியூபை மறந்துவிடாதீர்கள், அது வெளியே தெரியாமல் வெடித்திருக்கும்.

அடுத்து கார்பின் கழுத்து. அடியில் உள்ள ஓ-ரிங் நசுங்கி இறுகியிருந்தால் மாற்றுங்கள். கார்பைக் கீழே அழுத்திப் பிடித்தபடியே போல்ட்டை இறுக்குங்கள். பின்தகட்டைச் சுற்றி ஆயில் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் அங்கே கேஸ்கட் போயிருக்கிறது.

டேங்க் பாதிக்குக் கீழே வந்த பிறகு மட்டும் லீன் ஆகிறதென்றால், மஃப்ளரிலிருந்து டேங்குக்கு அழுத்தம் போகும் நிப்பிள் கரி பிடித்து அடைபட்டிருக்கிறதா என்று மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். கார்புக்குப் போகும் டியூபில் குமிழி ஓடினால் அதிர்வில் எரிபொருள் நுரைக்கிறது. ஹெடர் டேங்க் (மெயின் டேங்குக்கும் கார்புக்கும் நடுவில் ஒரு சின்ன டேங்க்) வைத்தால் பெரும்பாலும் தீரும்.

ரோட்டார்பிரியன்

நன்றி. உள்டியூபை மாற்றிவிட்டேன். மெயின் நீடிலை ஒன்றரைக்கு மேல் திறந்து, நீங்கள் சொன்னபடி உள்ளே வந்ததும் ஏற்றத்தில் புகை நிற்கிறது, விரல் நான்கு விநாடி தாங்குகிறது. இனி ஐடிலை எப்படிப் பார்ப்பது? க்ளோ பிளக்கைக் கழற்றினால் கம்பி மங்கிய வெள்ளையாக இருக்கிறது.

நீடில்வாத்தியார்

அந்த வெள்ளை முன்பு லீனாக ஓடியதன் தழும்பு. புது பிளக் போட்டுவிட்டு ஐடிலைப் பாருங்கள், பழைய பிளக்கோடு பார்த்தால் குழப்பும். கம்பி மேல் மணல் துகள் மாதிரி அலுமினியப் பொட்டுகள் தெரிந்தால், என்ஜின் ஹெட்டுக்கு அடியில் ஒரு ஷிம் (மெல்லிய வளையத் தகடு) கூட்ட வேண்டுமா என்றும் யோசியுங்கள். 30% நைட்ரோவில் அழுத்தம் மிகுந்தால் முன்கூட்டியே வெடிப்பது உண்டு.

ஐடிலுக்கு, என்ஜின் சூடான பிறகு க்ளட்ச் பிடிக்காத அளவில் ஓடவிட்டு, ரோட்டார் ஹெட்டைப் பிடித்தபடி கார்பை ஒட்டி டியூபைக் கிள்ளுங்கள். இதற்கு இன்னொருவர் உடன் இருந்தால் நல்லது. இரண்டு மூன்று விநாடி ஓடி, லேசாக ஆர்பிஎம் ஏறி, பிறகு நின்றால் சரி. கிள்ளியவுடன் நின்றால் லீன், எட்டில் ஒரு சுற்று திறந்துவிடுங்கள். ஆர்பிஎம் நன்றாக ஏறி நெடுநேரம் ஓடினால் ரிச், அதே அளவு மூடுங்கள். உங்கள் கார்பில் ஐடில் ஸ்க்ரூவும் நீடில்தான், அதனால் வலம் திருப்பினால் லீன். காற்றுத்துளை வகைக் கார்பாக இருந்தால் திசை தலைகீழ்.

குளிர்ந்த காலையில் காற்று அடர்த்தியாக இருக்கும், மெயினை ஒன்றிரண்டு கிளிக் திறந்தே தொடங்குங்கள். பறந்து முடித்ததும் டியூபைக் கிள்ளி மிச்ச எரிபொருளை எரித்துவிட்டு, ஆஃப்டர்-ரன் ஆயில் சில சொட்டு விட்டு ஸ்டார்டரால் சுற்றி வையுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், பேரிங் துருப்பிடித்தால் இதே ஐடில் தொல்லை திரும்ப வரும்.