கியூஎமுவில் ஒரு ‘அ’: கருவி முகவரிகளோடு நமது அனுபவங்கள்

கொக்குவிலிலிருந்து:

என் அக்காவின் மகள் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். ஆர்ம் செயலியுள்ள கணினிப் பலகை வாங்க வசதியில்லை. பழைய மடிக்கணினியில், வேறு கணினிகளைப் போல நடிக்கும் கியூஎமு என்ற மென்பொருளின் ‘விர்ட்’ என்ற ஆர்ம் இயந்திரத்தை ஓடவிட்டு, இயங்குதளமே இல்லாத சிறு நிரல்களை எழுதிப் பழகுகிறாள். ஆங்கில எழுத்துகள் ஒழுங்காக வந்தன. ‘அ’ எழுதியபோது மட்டும் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வந்தது. “மாமா, இதில் தமிழ் வராதா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ மூன்று பைட்டுகள்: 224, 174, 133. அவளுடைய நிரல் மூன்றையும் ஒரே 32 பிட் சொல்லாகக் கட்டி, பதினாறடிமானத்தில் 09000000 என்ற முகவரியில் ஒரே தடவையில் எழுதியது. ரேமில் எழுதியிருந்தால் மூன்றும் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் அந்த இயந்திரத்தில் ரேம் 40000000 இல்தான் தொடங்குகிறது. 09000000 இல் இருப்பது பிஎல்011 என்ற சீரியல் போர்ட், எழுத்துகளை ஒவ்வொரு பைட்டாக வெளியே அனுப்பும் கருவி. அங்கே நினைவகம் கிடையாது. அந்த முகவரியில் எழுதியதும் கியூஎமு தன்னுள் இருக்கும் ஒரு சி மொழிச் சார்பை அழைக்கிறது. அந்தச் சார்பு சொல்லின் கீழ் 8 பிட்டை மட்டும் எடுத்து வெளியே அனுப்புகிறது. 224 போய்ச் சேர்ந்தது, மற்ற இரண்டும் உதிர்ந்துவிட்டன.

எழுதியதைச் சரிபார்க்க அதே முகவரியை வாசித்தாள்: பூச்சியம். அதுவும் சரிதான். வாசிக்கும்போது கிடைப்பது உள்ளே வந்த எழுத்து, நாம் அனுப்பியது அல்ல. பிறகு மூன்று பைட்டுகளையும் தனித்தனியே எழுதினாள். மூன்றாவது போனதும் ‘அ’ முழுதாகத் திரையில் நின்றது.

மெய்யான பலகையில் 09000018 போன்ற இடத்திலுள்ள நிலைப் பதிவகத்தை, அதாவது கருவியின் நிலையைச் சொல்லும் இடத்தை, பார்த்து, அனுப்பக் காத்திருக்கும் எழுத்துகளின் வரிசை நிரம்பவில்லை என்று அறிந்த பிறகே எழுத வேண்டும். கியூஎமு உடனுக்குடன் அனுப்பிவிடுவதால் அது தேவைப்படுவதில்லை. படிக்கும் பிள்ளைகள் அந்தச் சலுகைக்குப் பழகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சாவகச்சேரியிலிருந்து:

அண்ணா, மருமகளுக்குக் கியூஎமுவின் மொனிட்டர் என்ற கட்டளை இடைமுகத்தில் ‘இன்ஃபோ எம்ட்ரீ’ கட்டளையைக் காட்டுங்கள். எந்த முகவரியில் எது இருக்கிறது என்று மரமாக விரியும்.

என்னோடு வேலை செய்பவர் கியூஎமுவின் க்யூ35 என்ற பிசி வகை இயந்திரத்துக்கு 8 ஜிபி ரேம் கொடுத்திருந்தார். அந்த முகவரி வரைபடத்தில் ரேம் 2 ஜிபியோடு நின்று, மிச்சம் 4 ஜிபி எல்லைக்கு மேலே தொடங்கியது. நடுவில் இருந்தது தொலைந்துவிட்டதென்று பதறினார். எதுவும் தொலையவில்லை. அந்த இடைவெளி பிசிஐ என்ற இணைப்பு வழியில் வரும் கருவிகளுக்கு உரியது. ரேம் ஒரே தொகுதிதான். இரண்டு ஒழுங்கைகளில் படலை வைத்த ஒரே வளவு போல, இரண்டு முகவரிகளில் அதற்கு வாசல் இருக்கிறது.

லினக்ஸின் கேவிஎம் வசதியோடு கியூஎமுவை ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரேமை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்வரை, உள்ளே ஓடும் விருந்தினர் நிரல் செயலியில் நேராக ஓடுகிறது. கருவியின் முகவரியைத் தொட்டால் நின்று கியூஎமுவிடம் வருகிறது. ஒரு பதிவகத்தைச் சுழல் போட்டு வாசிக்கும் டிரைவர் நிரல் அதனால்தான் அவ்வளவு மெதுவாகிறது.

கொக்குவிலிலிருந்து:

காட்டினேன், தம்பி. 09000000 முதல் 4 கேபி அகலத்தில் பிஎல்011 என்ற பெயரைக் கண்டதும், தானே ஒரு கருவி செய்யத் தொடங்கிவிட்டாள்: வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடும் எண்ணி. ஒரு பைட்டாக யாராவது வாசித்தால் என்ன செய்வது என்று கேட்கிறாள். 4 பைட்டு அணுகல் மட்டுமே செல்லும் என்று கருவியிலேயே அறிவிக்கச் சொல்லியிருக்கிறேன்.