மொட்டை மாடிக்கு எந்த ரோஜா: ஒட்டா, பன்னீரா?

மேடவாக்கம் மாடி:
சென்னையில் மொட்டை மாடி, பிற்பகல் மூன்று மணி வரை வெயில். நர்சரியில் மொட்டும் பூவுமாக இருக்கும் ஒட்டு ரோஜாவை வாங்கி வருகிறேன். முதல் ஈட்டுப் பூ முடிந்ததும் கிளை நுனி கறுக்கிறது, அந்தக் கறுப்பு மெல்லக் கீழே இறங்கி, அடி வரை வந்து செடி முடிந்துபோகிறது. பக்கத்து வீட்டிலோ ஒரு பன்னீர் ரோஜா, அரிசி கழுவிய தண்ணீரைத் தவிர வேறெதையும் கண்டதில்லை, ஆண்டு முழுக்கப் பூக்கிறது. ஒட்டுச் செடியே சமவெளிக்கு ஆகாதா? அல்லது எதையாவது மாற்றிச் செய்தால் பிழைக்குமா?

தோவாளை மலர்:
பக்கத்து வீட்டிலேயே விடை பூத்திருக்கிறது. பென்சில் பருமனில் ஒரு போத்தை வெட்டித்தரச் சொல்லி நட்டுவிடுங்கள். பணமும் மிச்சம்.

ஒட்டுச் செடிக்காரர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போத்தில் வளர்ந்த செடி தரைமட்டம் வரை காய்ந்தாலும், வேரிலிருந்து வரும் துளிர் அதே பன்னீர் ரோஜாதான். ஒட்டுச் செடியில் மேல்பகுதி செத்தால் கீழிருந்து கிளம்புவது வேர்ச்செடி, அதாவது ஒட்டுப் போட அடியில் வைத்த வேறொரு ரோஜா. நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய நிறம் திரும்பி வராது. மணத்தைப் பற்றி நான் வாய் திறக்கவே தேவையில்லை. சந்தையில் கூடை இறங்கினால் எந்த ரோஜா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

ஓசூர் ஒட்டுக்கண்:
அம்மா, வேர்ச்செடி பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் மேடவாக்கம் நண்பரின் செடியைக் கொன்றது ஒட்டு அல்ல. எங்கள் பக்கத்துச் செடிகளுக்கு அடியில் இருக்கும் களிச்செம்மண் உருண்டையும், அதை வைத்த விதமுமே காரணம்.

லாரியில் ஏற்றி இறக்கும்போது வேர் குலையாமல் இருக்கவே அந்தக் களிமண்ணைப் பிடித்து வைக்கிறார்கள். ஓசூரின் இதமான காற்றில், நிழல் வலைக்கு அடியில் அது ஈரமாகவே இருக்கும். சென்னை மாடியில் இரண்டு நாள் காய்ந்தால் செங்கல். அதைச் சுற்றி நீங்கள் பொலபொலப்பான கலவையை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு தொட்டியின் அடித்துளை வழியே ஓடிவிடும். மேலே ஈரம், உள்ளே வேருக்குத் தாகம். வாங்கியவுடன் அந்த உருண்டையை வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, வெளிப்பக்க மண்ணை மட்டும் விரலால் உதிர்த்து நடுங்கள். சித்திரை, வைகாசியில் இதைச் செய்யவே வேண்டாம். மழை தொடங்கிய பிறகு வாங்கி வாருங்கள். வந்த அன்றே முழு வெயிலிலும் வைக்காதீர்கள்.

அடுத்தது, ஒட்டுப் போட்ட முண்டு எங்கே இருக்கிறது? அதை மண்ணுக்குள் புதைக்கும்படி சொல்லும் காணொளிகள் குளிர்நாட்டில் எடுத்தவை. அங்கே உறைபனியிலிருந்து காப்பாற்றப் புதைக்கிறார்கள். நம் ஈரத்திலும் சூட்டிலும் புதைத்தால் அழுகல்தான். முண்டு மண்ணுக்கு மேல் இரண்டு விரல்கடை உயரத்தில் தெரிய வேண்டும்.

நுனி கறுப்பது பின்கருகல் நோய். தண்டின் நடுவே வெளிறிய, பழுப்பில்லாத சோறு (தண்டின் மென்மையான உட்பகுதி) தெரியும் வரை இறக்கி வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பூஞ்சைக் கொல்லி) தடவுங்கள். பழுப்பு தெரியும் இடத்தில் வெட்டை நிறுத்தினால், அங்கிருந்து மறுபடி இறங்கும்.

தோவாளை மலர்:
ஊறவை, உதிர், தடவு, இறக்கி வெட்டு! ஒரு பூவுக்கு இத்தனை சேவகமா? அதற்குப் பிறகு கிடைப்பது என்ன? காகிதத்தில் செய்ததுபோல் விறைத்து நிற்கும், மூக்கருகில் கொண்டுபோனால் ஒன்றும் இராது. பிப்ரவரி 14ஆம் தேதிக்கு விமானத்தில் ஏற்ற அது போதும்.

பூவியல் மாணவன்:
மணத்தைப் பற்றி இருவரும் சண்டை போடுவதற்கு முன்: ஒட்டுப் போடுவது ஒரு பெருக்கும் முறை. அதனால் மணம் போவதில்லை. எந்த ரகத்தின் கண்ணை (முளைக்கும் மொட்டை) வைத்து ஒட்டினார்கள் என்பதே கேள்வி. ஓசூரிலிருந்து கொய்மலராகப் போகும் தாஜ்மஹால் போன்ற ரகங்களிடம் கேட்கப்படுவது நீண்ட காம்பு, பெட்டிக்குள் கசங்காத இதழ், குவளையில் பல நாள் வாடாமை. மணம் அந்தப் பட்டியலில் இல்லை. நர்சரிக்காரர் அதே கண்ணைத் தொட்டிச் செடியில் ஒட்டி விற்றால் மணமற்ற பூதான் வரும்.

அதே கலப்பினத் தேயிலை ரோஜா வகையில்தான் பாப்பா மெய்யான் என்ற கருஞ்சிவப்பு ரகமும் இருக்கிறது. மணத்துக்கே பெயர் பெற்றது. பிரான்சு ஆய்வாளர்கள் 2015இல் அதையும் மணம் குறைந்த வேறொரு சிவப்பு ரகத்தையும் ஒப்பிட்டுத்தான், ரோஜா மணத்துக்குக் காரணமான ஒரு நொதியைக் கண்டறிந்தார்கள். மணமுள்ள ரகத்தின் இதழில் அந்த மரபணு மும்முரமாக வேலை செய்தது, மற்றதில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் 'ஒட்டு ரோஜாவுக்கு மணமில்லை' என்பது சந்தையைப் பற்றிய உண்மையே தவிர, செடியைப் பற்றிய உண்மை அல்ல.

ஓசூர் ஒட்டுக்கண்:
பாப்பா மெய்யானைச் சென்னைக்குச் சொல்லாதீர்கள் தம்பி. கருஞ்சிவப்பு இதழ் ஏப்ரல் வெயிலில் ஓரம் கருகும். சாம்பல் நோய்க்கும் அது சீக்கிரம் இரையாகும். மாடிக்கு வெளிர் நிறங்களே தாங்கும்.

கொடைக்கானல் வாசி:
நீங்கள் எல்லோருமே ஐரோப்பியக் குளிருக்குப் பழகிய குடும்பத்துச் செடியை வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறீர்கள். எங்கள் ஊரில் எம்.எஸ். வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதி பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலையைப் பாருங்கள். அவர் ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து முன்கூட்டியே ஓய்வுபெற்று ரோஜாவுக்கு வந்தவர். வெப்பநாட்டுக்குத் தோட்ட ரோஜா வேண்டுமானால் வெப்பத்தில் வாழும் காட்டு ரோஜாவின் இரத்தம் வேண்டும் என்று, வடகிழக்கு மலைகளின் ரோசா ஜைஜாண்டியாவையும், நீரோரங்களில் வளரும் ரோசா கிளைனோபில்லாவையும் கலப்பில் கொண்டுவந்தார்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரில் ஒரு மஞ்சள் ரோஜாவும் அவர்கள் உருவாக்கியதே. பழனி மலையிலும் நீலகிரியிலும் வெள்ளையாகப் பூத்துப் படரும் காட்டு ரோஜா நமக்கென்றே இருக்கிறது. இவ்வளவும் இருக்க, நாம் இன்னும் பெட்டியில் போகும் பூவை வாங்கி மாடியில் சாகடிக்கிறோம்.

மேடவாக்கம் மாடி:
கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் பகுதி நர்சரியில் ரோஜாவுக்கு மூன்றே ரகங்கள்: சிவப்பு, மஞ்சள், ரோஸ். ரகத்தின் பெயர் கேட்டால் 'பெங்களூரு செடி சார்' என்கிறார்கள். அங்கே நின்று எதைப் பார்த்து எடுப்பது?

இன்னொன்று, ஐந்து இலை இருந்தால் நல்ல செடி, ஏழு இலை வந்தால் காட்டுச்செடி, கிள்ளி எறி என்று சொல்கிறார்களே?

தோவாளை மலர்:
உண்மைதான். ஏழிலை விட்டால் பூக்காது. எங்கள் அம்மா காலத்திலிருந்தே வெட்டிவிடுவோம்.

ஓசூர் ஒட்டுக்கண்:
இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனை நல்ல கிளைகள் போயிருக்கும்! ஒரே செடியில் ஐந்தும் வரும், ஏழும் வரும். செழித்து எழும் புதுக்கிளையில் ஏழு சிற்றிலை சாதாரணம். எண்ணுவதை விட்டுவிட்டு, கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். முண்டுக்கு மேலே என்றால் எத்தனை இலையானாலும் விடுங்கள், அதுதான் அடுத்த ஆண்டுப் பூ. முண்டுக்குக் கீழே என்றால் கத்தரிக்காமல், பிறந்த இடத்தோடு பிடித்துக் கீழ்நோக்கிக் கிழித்து எடுங்கள். கத்தரித்தால் அடியில் இருக்கும் கண்கள் மறுபடி முளைக்கும்.

நர்சரியில் பூவைப் பார்க்காதீர்கள். அது அங்கே போட்ட உரத்தின் பூ. முண்டிலிருந்து குறைந்தது இரண்டு மூன்று கிளைகள் கிளம்பியிருக்கிறதா, இலையடியில் செம்பேன் வலை இருக்கிறதா என்று பாருங்கள். விரிந்த பூ இருந்தால் முகர்ந்துவிட்டு எடுங்கள். அம்மாவின் புகாருக்கு அதைவிட எளிய தீர்வு இல்லை. எதுவும் புரியவில்லையென்றால் கொத்துக் கொத்தாகப் பூக்கும் காஷ்மீர் பட்டன் ரோஜா. மணம் இல்லை, ஆனால் சென்னையில் சாகாது.

தோவாளை மலர்:
மணமில்லாததைச் சிபாரிசும் செய்தாயிற்று!

பூவியல் மாணவன்:
அம்மா கோபிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் பன்னீர் ரோஜா என்று விற்பது பெரும்பாலும் எட்வர்ட் ரோஜா. அதுவும் கலப்பினம்தான். ரீயூனியன் தீவில் டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்த போர்பன் வகை. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அத்தர் என்ற வாசனைத் தைலத்துக்குப் போகும் டமாஸ்க், முக்கியமாக இளவேனிலில் மட்டும் பூக்கும். உங்கள் செடி ஆண்டு முழுவதும் பூப்பது சீனப் பாட்டியின் தயவு.

தோவாளை மலர்:
பாட்டி எந்த ஊராக இருந்தால் என்ன? எங்கள் தொட்டியில் பூக்கிறாள், குல்கந்துக்கு இதழ் தருகிறாள். நர்சரிச் செடியின் இதழை, மருந்து தெளித்தது அது என்று தெரிந்தும் தேனில் ஊறவைத்துத் தின்பீர்களா?

ஓசூர் ஒட்டுக்கண்:
தின்ன மாட்டேன். அதில் வாதமே இல்லை. கடைப் பூவையும் புதிதாக வாங்கிய செடியின் பூவையும் யாரும் வாயில் வைக்க வேண்டாம்.

மேடவாக்கம் மாடி:
உரமாக முட்டையோடும் தேயிலைத் தூளும் போட்டு வருகிறேன். ஆனால் புதுக்கொழுந்து மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை.

பூவியல் மாணவன்:
போர்வெல் தண்ணீரா? அப்படியென்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், கார நீரால் வேர் அதை எடுக்க முடியாது. சற்றே அமிலத் தன்மையுள்ள மண்ணைத்தான் ரோஜா விரும்பும். முட்டையோடு சுண்ணாம்பு. அந்தத் தொட்டியில் இன்னும் சுண்ணாம்பு எதற்கு? இரும்புக் கீலேட் (செடி எளிதில் உறிஞ்சும் வடிவிலான இரும்பு) கரைசலை இலையில் தெளியுங்கள், மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். தேயிலைச் சக்கையில் சர்க்கரை ஒட்டியிருந்தால் எறும்பு வரும், எறும்போடு மாவுப்பூச்சியும் வரும்.

தோவாளை மலர்:
தொழு உரம், வேப்பம் பிண்ணாக்கு. இரண்டும் போதும். இதிலாவது சண்டை வேண்டாம்.

ஓசூர் ஒட்டுக்கண்:
இல்லை. கவாத்தை, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதை, பற்றி மட்டும் ஒன்று. அக்டோபரில் வெட்டு என்று புத்தகம் சொல்லும். சென்னையில் அப்போது வடகிழக்குப் பருவமழை. நனைந்துகொண்டே இருக்கும் வெட்டுவாயில் பின்கருகல் நேராக நுழையும். மழை தணிந்து டிசம்பரில் வெட்டினால், ஆறேழு வாரத்தில், இரவு குளிர்ந்திருக்கும் காலத்திலேயே பூ வரும்.

தோவாளை மலர்:
அது எங்களுக்கும் பொருந்தும், நாகர்கோவிலிலும் அப்போது மழைதான். மேடவாக்கம் தம்பி, ஒட்டுச் செடியைக் கவாத்து செய்ய டிசம்பர் வரை காத்திருங்கள். பன்னீர்ப் போத்துக்கு மழைக்காலமே நல்லது. நான்கைந்து சேர்த்து நடுங்கள், எல்லாம் வேர் பிடிக்காது.