சுமைப் பிடிமானம்: லாரிப் பாரத்துக்கு ஒரு சொல்

வணக்கம். ஓடும் லாரியில் சுமை நகராமல், சரியாமல் இருக்கச் செய்யும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் கார்கோ செக்யூரிங் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு மொத்தமாக ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன்.

> கார்கோ செக்யூரிங் என்பதற்குச் 'சரக்குப் பாதுகாப்பு' போதுமே? எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சரக்குப் பாதுகாப்பு என்று நாமக்கல் லாரிப் பட்டறையில் சொன்னால், தார்ப்பாய் போட்டாயிற்றா, ராத்திரி நிறுத்துமிடத்தில் மூட்டை உருவாமல் கிளீனர் முழித்திருக்கிறாரா என்று கேட்பார்கள். அங்கே காக்க வேண்டியது சரக்கை. நமக்கோ சரக்கிடமிருந்து ஓட்டுநரையும், பக்கத்தில் பைக்கில் போகிறவரையும் காக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெயர்ப்பலகையை இன்சூரன்ஸ்காரர்களே வைத்துக்கொள்ளட்டும்.

> அப்படியானால் 'சுமைக்கட்டு'. லோடு கட்டுவது என்றுதானே சொல்கிறோம்?

ஐயா பேச்சுவழக்கை விடாமல் பிடித்திருப்பது சரியான வழி. ஆனால் 'கட்டினால் போதும்' என்ற நினைப்பில்தான் பாதி விபத்து இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திடீர் பிரேக்கில் சுமை முன்னால் ஓடப் பார்க்கும். அந்தத் திசையில் அதன் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டில் 0.5 பங்கையும் தாங்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரமும் அமெரிக்க விதியும் சொல்கின்றன. 10 டன் இரும்பு ஏற்றியிருக்கிறோம், தளத்தோடு உராய்வு எடையில் 0.3 பங்கு என்று வைத்துக்கொள்வோம். தாங்க வேண்டியது 8 டன். உராய்வு தானாகத் தருவது 3 டன். மிச்சம் 5 டன்னுக்குத்தான் கயிறோ பெல்ட்டோ.

இங்கேதான் விஷயம். சுமைக்கு மேலே குறுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் இறுக்கும் கட்டு, சுமையை முன்னாலிருந்து பிடிப்பதே இல்லை. அது சுமையைத் தளத்தோடு அழுத்துகிறது. அழுத்தம் கூடுவதால் உராய்வு கூடுகிறது, அவ்வளவுதான். 5 டன் உராய்வு கூட வேண்டுமென்றால் ஏறத்தாழ 17 டன் அழுத்தம் வேண்டும் (5 ÷ 0.3). பின்னால் நழுவாத பற்சக்கரத்தை வைத்துக் கையால் இறுக்கும் ராட்செட் பெல்ட், இரண்டு பக்கமும் சேர்த்து 1 டன் அழுத்தினாலே பெரிய விஷயம். ஆக 17 பெல்ட்! யார் போடப் போகிறார்கள்? அதே சுமைக்கு அடியில் ரப்பர் பாய் விரித்து உராய்வை 0.6 ஆக்கினால் 6 டன் அங்கேயே நின்றுவிடும், மிச்சம் 2 டன்னுக்கு நாலு பெல்ட்டில் வேலை முடிந்தது. அல்லது ஓட்டுநர் அறைக்குப் பின்னால் நிற்கும் முன்தட்டியோடு சுமையை ஒட்டி ஏற்றி, நடுவில் இடைவெளி இருந்தால் கட்டையால் அடைத்து முட்டுக் கொடுத்தால், தட்டி தாங்கும் மட்டும் முன்னால் நகராது. (தட்டி தாங்குமா என்பது பாடி கட்டியவரைக் கேட்க வேண்டிய தனிக் கேள்வி.)

ஆக உராய்வு, முட்டு, கட்டு மூன்றும் சேர்ந்ததுதான் நாம் பெயர் தேடும் பொருள். மூன்றில் ஒன்றின் பெயரை மொத்தத்துக்கும் வைத்தால், பயிற்சிக் கையேட்டைப் படிக்கிறவர் மற்ற இரண்டையும் விட்டுவிடுவார்.

> வரிந்து கட்டுதல் நல்ல பழஞ்சொல். அதிலிருந்து 'சுமைவரி' என்று ஆக்கலாமா?

அழகான வேர்தான். ஆனால் 'சுமைவரி' என்று சுற்றறிக்கை போனால் லாரி உரிமையாளர்கள் மறுநாளே வேலைநிறுத்தம் அறிவித்துவிடுவார்கள். வரிந்து கட்டுதலை வினையாகவே வைத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை: சுமைப் பிடிமானம். 'பிடிமானம் இல்லாமல் நிக்குது பாரு' என்று லோடுமேன்கள் ஏற்கெனவே சொல்வதுதான். பிடிமானம் கயிற்றாலும் வரலாம், கட்டையாலும் வரலாம், தளத்தின் சொரசொரப்பாலும் வரலாம். வினையும் கையிலேயே இருக்கிறது: பிடிமானம் கொடு, பிடிமானம் பார், பிடிமானம் விட்டுப்போச்சு. டயருக்கும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறோமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அங்கேயும் உராய்வுதானே, முன்னால் 'சுமை' சேர்த்தால் குழப்பம் வராது.

கிளைச்சொற்கள்: மேலே போர்த்தி அழுத்துவது மேற்கட்டு. சுமையின் கொக்கியிலிருந்தே வண்டியின் வளையத்துக்கு இழுத்துக் கட்டுவது நேர்கட்டு. இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கட்டாயம் வேண்டும், மேலே போட்ட 17 பெல்ட் கணக்கு மேற்கட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். தடுத்து நிறுத்துவது முட்டு. 'முட்டுக்கட்டை' அரசியல் மேடைக்குப் போய்விட்டதால் தனியாக முட்டு என்றே விடலாம். பெல்ட் அறுந்துபோகாமல் இரும்பு முனையில் வைப்பது முனைக்காப்பு. ராட்செட்டை ராட்செட் என்றே விடுங்கள், பற்சக்கர இறுக்கி என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

இன்னொன்று. நம் ஊரில் பிடிபடும் குற்றங்கள் பெரும்பாலும் அதிக பாரமும் வெளியே நீட்டிய சுமையும்தான். நீட்டிய சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 20,000 ரூபாய் அபராதம் வைத்தார்கள். எடைமேடை எடையைக் காட்டும், டேப் நீளத்தைக் காட்டும். அளவுக்குள் ஏற்றி, உள்ளே ஆடிக்கொண்டிருக்கும் சுமையை இரண்டும் காட்டாது. சோதனைப் படிவத்தில் 'சுமைப் பிடிமானம்: உண்டு / இல்லை' என்று ஒரு வரி இருந்தால் பரிசோதகர் குனிந்தாவது பார்ப்பார். புறப்பட்ட பிறகு சுமை அமுங்கிக் கட்டு தளரும். அமெரிக்காவில் முதல் 80 கிலோமீட்டருக்குள் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். அதற்கு 'வழிப்பார்வை' என்று எழுதலாமென்று நினைக்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

கன்டெய்னரின் நாலு மூலையிலும் திருகி மாட்டும் ட்விஸ்ட் லாக்குக்குத் 'திருகுப்பூட்டு' என்று குறித்து வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் அங்கே என்ன பெயர் புழங்குகிறது என்று கேட்டு எழுதினால், அதையே எடுத்துக்கொள்வோம்.