பழைய படத்தில் 2603 என்ற எண்ணும் பொருந்தாத கடிகாரமும்

கேள்வி: ஜெலுத்தோங் வாசகர்

வணக்கம். என் சித்தப்பா ஓராண்டாக இரவில் கண்விழித்துப் பழைய படங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கி, யாரோ அவற்றில் மறைத்துவைத்த சதிக் குறிப்புகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். சாப்ளினின் ‘தி சர்க்கஸ்’ படத்துக்கு 1928இல் நடந்த தொடக்க விழாக் காட்சியில் ஒரு பெண்மணி கைப்பேசியில் பேசியபடி நடக்கிறார் என்று சொல்லும் காணொலியில் தொடங்கிய பழக்கம், இப்போது எங்கள் குடும்பப் படத்தில் வந்து நிற்கிறது.

பினாங்கு வீதியில் தாத்தா வேலை பார்த்த மளிகைக் கடையின் முன் ஆறு பேர் நிற்கும் படம் அது. வெயிலில் நிறுத்திய சைக்கிளின் நிழல் சக்கரத்தின் அடியிலேயே சுருங்கிக் கிடப்பதால், அது உச்சிவேளை என்பதில் ஐயமில்லை. ஆனால் கடைக்குள் தெரியும் சுவர்க் கடிகாரம் இரண்டு இருபது காட்டுகிறது. பின்புறம் பென்சிலால் ‘2603 சித்திரை 1’ என்று எழுதியிருக்கிறது. ஒருவரின் முகம் மட்டும் வெள்ளையாக அழிந்துபோயிருக்கிறது. தாத்தா ஏதோ இரகசியக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று சித்தப்பா புலனத்தில் உறவினர் அனைவருக்கும் எழுதிவிட்டார். எனக்கு வேதனையாக இருக்கிறது. விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: ஆயர் ஈத்தாம் வாசகர்

உங்கள் சித்தப்பா கவனித்த எண்ணும் கடிகாரமும் உண்மையான தடயங்களே. 2603 என்பது ஜப்பானியரின் பேரரசு ஆண்டுக் கணக்கு; நாம் வழங்கும் ஆண்டோடு 660 கூட்டினால் அது வரும். எனவே படம் 1943இல், ஜப்பானியர் ஆட்சியில் எடுக்கப்பட்டது.

அவர்கள் மலாயாவைப் பிடித்ததும் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்தள்ளித் தோக்கியோ நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நேரம் 135 பாகை நெடுங்கோட்டைச் சார்ந்தது; பினாங்கோ 100 பாகையைச் சற்றே தாண்டிய இடத்தில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது அந்தக் கடிகாரம் ஏறத்தாழ இரண்டு இருபதைத்தான் காட்ட வேண்டும். ஏப்ரல் மாதத்தில் சூரியன் நமக்குக் கிட்டத்தட்ட நேர்மேலே வருவதால் நிழலும் அவ்வளவு ஒடுங்கியிருக்கிறது. போர்க்காலத்திலும் அந்தக் கடைக்காரர் கடிகாரத்தைச் சரியாக ஓடவிட்டிருக்கிறார் என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மறுமொழி: பட்டர்வொர்த் வாசகர்

நான் பல ஆண்டுகள் ஸ்டூடியோ இருட்டறையில் வேலை செய்தவன். நெகட்டிவைச் சுரண்டினால் அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். வெள்ளையாக இருந்தால், அச்சிட்ட படத்தையே யாரோ சுரண்டியிருக்க வேண்டும், அல்லது பூச்சி அரித்திருக்க வேண்டும். படத்தைச் சன்னலோரம் சாய்த்துப் பிடியுங்கள். கத்தி பட்டிருந்தால் கோடுகள் தெரியும்.

சாப்ளின் பட விழாப் பெண்மணியைப் பொறுத்தவரை, காது கேளாதோர் கையில் பிடித்துக் காதில் வைக்கும் கருவிகள் அன்றே விற்பனையில் இருந்தன. கைப்பேசி இருந்திருந்தாலும் மறுமுனையில் யார் பேசுவது?

சித்தப்பாவிடம் டாலஸ் நகரக் குடைக்காரரைப் பற்றிப் பேசிப் பாருங்கள். 1963 நவம்பர் 22 அன்று, நல்ல வெயிலில், அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட இடத்தருகே ஒருவர் கறுப்புக் குடையை விரித்து நின்றது படங்களில் பதிவாகியிருக்கிறது. கொலையாளிக்குக் காட்டிய சைகை என்றும், குடைக்குள் ஆயுதம் இருந்தது என்றும் ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். 1978இல் லூயி ஸ்டீவன் விட் என்பவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, அந்தக் குடைக்காரர் தாமே என்றார். கென்னடியின் தந்தை இலண்டனில் தூதராக இருந்தபோது, ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினை ஆதரித்தவர். சேம்பர்லினின் அடையாளம் குடை. அதைக் காட்டி மகனைச் சீண்டவே வந்தாராம். இப்படி ஒரு காரணத்தைப் படத்தை மட்டும் பார்த்து யாரால் ஊகித்திருக்க முடியும்?

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி சன்னலோரம் சாய்த்துப் பார்த்தோம். மெல்லிய கோடுகள் தெரிகின்றன. கூர்முனையால், மற்றவர் தோளில் படாமல், மிகக் கவனமாகச் சுரண்டியிருக்கிறார்கள். கணக்கைக் காட்டியதும் சித்தப்பா இரகசியக் கூட்டம் என்ற பேச்சை விட்டுவிட்டார். முகத்தை மட்டும் விடவில்லை, நானும் விடவில்லை. அக்காலத்தைக் கண்டவர்களில் எங்கள் குடும்பத்தில் மிஞ்சியிருப்பவர் பெரிய அத்தை ஒருவரே. ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு இருவரும் அவரிடம் போகிறோம்.