‘பென்ஸ்’ என்ற பெயரை நீங்கள் முதலில் எங்கே சந்தித்தீர்கள்? – அனுபவப் பகிர்வு

நாமக்கல் (தொடக்கப் பதிவு)

எங்கள் வீட்டில் பென்ஸ் என்றால் லாரி. 1974-இல் என் தந்தையார் சங்ககிரியில் பழைய வண்டியாக வாங்கியது அது. முகப்புக் கம்பி வலையின் நடுவே வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம் ஒன்று இருந்தது. பள்ளி விடுமுறையில் அதைத் தேங்காய் நார் போட்டுத் துலக்குவது என் வேலை. அந்த நட்சத்திரத்தை ஒரு காரின் மீது நான் பார்த்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னை மவுண்ட் ரோட்டில்தான். லாரிக் கம்பெனிக்காரன் கார்கூடச் செய்கிறானா என்று அன்றைக்கு வியந்தது இப்போதும் நினைவிருக்கிறது.

பின்னணி இதுதான். ஜாம்ஷெட்பூரில் ரயில் எஞ்சின் செய்துகொண்டிருந்த, டாடா குழுமத்தின் டெல்கோ நிறுவனம், 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு லாரி தயாரிப்பில் இறங்கியது. அப்படி வந்தவைதாம் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகள். 1969-இல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய், அந்த வட்டத்துக்குள் ‘டி’ என்ற எழுத்து வந்து உட்கார்ந்தது. ஆனால் எங்கள் பக்கத்து டிரைவர்களின் வாயிலிருந்து பென்ஸ் என்ற பெயர் அவ்வளவு எளிதில் போகவில்லை. எண்பதுகளில் வந்த புது வண்டியையும் ‘பென்ஸ் வண்டி’ என்றே சொன்ன பெரியவர்களை நான் அறிவேன். லேலண்டா, பென்ஸா என்ற வாதம் எங்கள் ஊர் டீக்கடைகளில் சாதிச் சண்டைக்குச் சமமான தீவிரத்தோடு நடந்திருக்கிறது.

ஒரு காட்சியைச் சொல்லிவிட்டு மற்றவர்களுக்கு வழிவிடுகிறேன். தொப்பூர் ஏற்றத்தில் ஒருமுறை டீசல் தீர்ந்து, குழாயில் காற்றுப் பிடித்துக்கொண்டது. டிரைவர் மாமா ஸ்பேனரால் பம்பின் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினார். கைப்பம்பின் குமிழை நான் அழுத்த, டீசல் நுரை நுரையாக வெளிவந்தது. நுரை அடங்கிக் கண்ணாடிபோல் டீசல் வழியும் வரை அழுத்து என்றார். பத்து வயதுப் பையனின் கையால் சரிசெய்ய முடிந்த வண்டி அது. பென்ஸ் என்ற பெயருக்கு எங்கள் ஊரில் கிடைத்த மதிப்பு அதிலிருந்து வந்தது; ஆடம்பரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

டோர்ட்முண்ட்

நீங்கள் லொறியில் கண்டதை நான் டாக்ஸியில் கண்டேன். 1985 இல் கிழக்கு பெர்லின் வழியாக ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, பென்ஸ் கார் என்பது பெரும் பணக்காரர்களுக்கு உரியது என்றே எண்ணியிருந்தேன். மேற்கு பெர்லினில் காலடி வைத்த முதல் மணித்தியாலத்தில், நிலையத்துக்கு வெளியே இருபது முப்பது பென்ஸ் கார்கள் ஒரே வெளிர் தந்த நிறத்தில் வரிசையாக நின்றன. ஏதோ அரசாங்க வைபவமாக்கும் என்று நினைத்து ஒதுங்கி நடந்தேன். அவை அனைத்தும் டாக்ஸிகள் என்பது விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. நகரசபைக் குப்பை லொறியிலும் அதே நட்சத்திரம் இருந்ததைக் கண்டபோது என் பழைய எண்ணம் முற்றாகச் சரிந்தது.

பின்னர் தொழிலும் அதுவாகவே அமைந்தது. வீதிப் பெயர்களைப் பாடமாக்கி, பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதித் தேர்வில் தேறி, 1991 இல் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி தந்தது மெர்சிடிஸின் 123 வரிசையைச் சேர்ந்த பழைய 200 டீ என்ற டீசல் கார். அதன் எஞ்சின் வெறும் 55 குதிரைவலு. மலைப்பாதையில் பின்னால் வருபவர்கள் பொறுமையிழந்து ஒளி பாய்ச்சுவார்கள். குளிர்காலக் காலையில் அதனைக் கிளப்புவதற்கு முன், எஞ்சினுக்குள் இருக்கும் இழைகள் சூடேறும் வரை கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த இடைவேளையை ஜேர்மானியர்கள், டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவரை நினைத்து, ‘ருடோல்ப் டீசலுக்கான மௌன அஞ்சலி’ என்று கேலியாகச் சொல்வார்கள். அஞ்சலி முடிந்ததும் எஞ்சின் உலுக்கிக்கொண்டு விழிக்கும். பிறகு விடியும் வரை நிறுத்த வேண்டிய தேவையே இராது.

டீசல் எஞ்சினைப் பயணிகள் காரில் பொருத்தித் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் இந்த நிறுவனமும் ஒன்று. 1936 இல் வெளியான 260 டீ பெரும்பாலும் வாடகைக் காராகவே ஓடியது. 1976 தொடக்கம் சுமார் பத்து ஆண்டுகளில் செய்யப்பட்ட 123 வரிசைக் கார்கள் ஏறத்தாழ 27 இலட்சம். கிரேக்க நாட்டுத் தெசலோனிகியில் ஒரு டாக்ஸிச் சாரதி தன் 240 டீ காரில் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடி, 2004 இல் அதை நிறுவனத்திடமே ஒப்படைத்தார். எஞ்சின்கள் பலமுறை மாற்றப்பட்டன என்பது உண்மைதான். ஆனாலும் உடலும் அச்சும் தாங்கின அல்லவா? இந்த நிறுவனத்துக்கு உழைத்துப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் எங்களைப் போன்ற சாரதிகளே என்பது என் நெடுநாள் எண்ணம். எவரும் அதைக் கேட்டதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மன்ஹைம்

சாரதிகளுக்கும் முன்னால் ஒரு பெண்மணி இருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் அம்மாவை அழைத்துக்கொண்டு, கடந்த கோடையில் பெர்தா பென்ஸ் நினைவுப் பாதையில் ஒருநாள் காரில் சென்றுவந்தோம். 2008-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதைக்கு வழிநெடுகப் பலகைகள் வைத்திருக்கிறார்கள்.

கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29-ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நல்ல பொறியாளர், ஆனால் செய்த பொருளை விற்கத் தெரியாதவர். வாங்க ஆளில்லாமல் வண்டி கிடந்தது. 1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலையில் அவருடைய மனைவி பெர்தா, மகன்கள் ஆய்கனையும் ரிச்சர்டையும் அழைத்துக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல் அந்த வண்டியை எடுத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலிருந்த தம் பிறந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையைக் கட்டும் பட்டையால் சுற்றினார். மேடுகளில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கங்களில் தேய்ந்துபோன மரத்தாலான பிரேக் கட்டைகளுக்கு வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடிக்கச் செய்தார். உலகின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்கிறார்கள்.

வீஸ்லோக் என்ற சிற்றூரில் அவர் எரிபொருள் வாங்கிய மருந்துக்கடைக்கு முன்னால் இன்று ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. துணிக்கறை போக்க அக்காலத்தில் மருந்துக்கடைகளில் விற்ற லிக்ரோயின் என்ற திரவம்தான் அந்த வண்டிக்கு எரிபொருள். என் அம்மா அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “கம்பெனி ஆரம்பிக்கப் பணம் யாரு குடுத்தாங்க?” என்றார். திருமணத்துக்கு முன்பே பெர்தாவின் சீதனப் பணம்தான் கார்லின் தொழிலைத் தாங்கியது என்று சொன்னேன். “அப்ப அவ வண்டிய அவ எடுத்துட்டுப் போயிருக்கா. இதுல சொல்லாம போறதுக்கு என்ன இருக்குது?” என்றார் அம்மா. நான் படித்த எந்த நூலும் இதை இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

கடினமான ஏற்றங்களுக்கு இன்னொரு கியர் வேண்டும் என்ற யோசனையோடு பெர்தா திரும்பிவந்தார். கார்லும் அதைச் சேர்த்தார். அந்த வகையில் இந்த நிறுவனத்தின் முதல் சோதனை ஓட்டுநரும் அவரே. தம் 95-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்து, 1944 மே மாதத்தில், எங்கள் ஊருக்கு அருகிலுள்ள லாடன்பர்க்கில் மறைந்தார்.

ஒரகடம்

நான் பேருந்து, லாரி தயாரிக்கும் இவ்வூர்த் தொழிற்சாலையில் 2012 முதல் பணிபுரிகிறேன். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் டைம்லர் இதைத் திறந்தது. வண்டிகளுக்கு வைத்த பெயர் பாரத்பென்ஸ். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் என் மாமாவுக்கு முதல் வண்டியின் படத்தை அனுப்பியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: “இது நெசமான பென்ஸா, டாடா பென்ஸா?” ஒப்பந்தம் முடிந்து 43 ஆண்டுகளுக்குப் பிறகும் பெயர் அங்கே உயிரோடு இருந்திருக்கிறது. புதிதாக ஒரு பெயரைத் தேடாமல் ‘பென்ஸ்’ என்பதை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஸ்டுட்கார்ட்

மன்ஹைம் அம்மையார் பெர்தா மறைந்த ஆண்டைக் குறிப்பிட்டார். அதே 1944-ஐப் பற்றி நானும் எழுத வேண்டியிருக்கிறது. இதைப் படிக்கச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் புகழை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பகிர்வு அரைகுறையாகிவிடும்.

இங்குள்ள மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஊரிலிருந்து வரும் உறவினர்களை இதுவரை பதினைந்து முறையாவது அழைத்துச் சென்றிருப்பேன். லிஃப்டில் உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே முதலில் நிற்பது ஒரு வெள்ளைக் குதிரையின் உருவம். பிறகு சரிவுப் பாதையில் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு காலமாக இறங்கி வரவேண்டும். மேலே உள்ள தளங்களில் எல்லோரும் கதை கேட்பார்கள். நைஸ் நகரத்தில் இருந்த எமில் யெலினெக் என்ற ஆஸ்திரிய வணிகர் டைம்லர் நிறுவனத்திடம் மொத்தமாகக் கார்களை வாங்கி, தம் மகளின் பெயரால் அவற்றை மெர்சிடிஸ் என்று அழைத்தார் என்பதும், 1902-இல் அப்பெயர் வணிகச் சின்னமாகப் பதிவானது என்பதும், போட்டியாளர்களாக இருந்த டைம்லரும் பென்ஸும் முதல் உலகப் போருக்குப் பிந்தைய நெருக்கடியில் 1926-இல் இணைந்தன என்பதும் அனைவரையும் கவரும். ஆனால் 1930-களுக்கு வந்ததும் உறவினர்களின் நடை வேகமாகிவிடும், ஏனெனில் வெள்ளி நிறப் பந்தயக் கார்கள் கீழே காத்திருக்கின்றன.

அந்த இடத்தில்தான் நான் அவர்களை நிறுத்துவேன். 1944-இல் டைம்லர்-பென்ஸில் வேலை செய்த 63,610 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் கட்டாயத் தொழிலாளர்களும் போர்க்கைதிகளும் வதைமுகாம் கைதிகளும் ஆவர். நாஜி அரசுக்கு விமான எஞ்சின்களும் ராணுவ லாரிகளும் அவர்கள் கையால் செய்யப்பட்டன. ஹிட்லர் நின்றபடி ஊர்வலம் போன பெரிய திறந்த கார் இந்த நிறுவனத்தின் 770 வகை. நிறுவனம் 1980-களில் வரலாற்று ஆய்வாளர்களைக் கொண்டு இவற்றை ஆராயச் செய்து, 1988-இல் 2 கோடி மார்க் வழங்கியது. 2000-இல் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து அமைத்த இழப்பீட்டு நிதியிலும் பங்கேற்றது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான தாமதம் என்பதே என் கருத்து. பேத்தி வயதுப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது, “அவங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்களா?” என்று ஒரு கேள்வி தவறாமல் வரும். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பந்தயக் கார்களுக்கு இறங்குவோம்.

ஒஸ்லோ

எனக்கு வாய்த்த சந்திப்பில் மனிதர் எவரும் இல்லை. 1996 ஒக்டோபரில் ட்ரொண்ட்ஹைம் நோக்கி இரவில் சென்றுகொண்டிருந்தபோது, வளைவைத் தாண்டியதும் வீதியின் நடுவே ஓர் எல்க் மான் நின்றது. அதன் கால்கள்தாம் முதலில் வெளிச்சத்தில் பட்டன. உடல் அதற்கும் மேலே, இருட்டுக்குள் இருந்தது. இடப்பக்கம் வெட்டி, உடனே வலப்பக்கம் திருப்பி எப்படியோ தப்பினேன். மறுநாள் காலையில்தான் கை நடுக்கம் நின்றது.

சரியாக ஓராண்டு கழித்து, 1997 ஒக்டோபர் 21 ஆம் திகதி, ஸ்வீடன் நாட்டு மோட்டார் சஞ்சிகை ஒன்று புத்தம் புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரை இதேபோல் இடமும் வலமும் வெட்டித் திருப்பிச் சோதித்தபோது அந்தக் கார் கவிழ்ந்தது. எங்களைப் பொறுத்தவரை அது ஆய்வுகூட விளையாட்டன்று. குளிர்காலந்தோறும் நேரக்கூடிய ஒன்று. ‘எல்க் சோதனை’ என்ற சொல் அன்றுதான் உலகெங்கும் பரவியது. கிழக்கு ஜேர்மனியின் பழைய ட்ராபான்ட் கார் அதே சோதனையில் கவிழாமல் நின்றது என்ற செய்தியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நிறுவனம் முதலில் மழுப்பியது. பிறகு விநியோகத்தை நிறுத்தி, ஏ-கிளாஸ் கார் ஒவ்வொன்றிலும் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.பி. என்ற மின்னணு அமைப்பைப் பொருத்திக் கொடுத்தது. அதுவரை விலையுயர்ந்த பெரிய கார்களில் மட்டும் இருந்த ஒன்று, இவ்வாறு ஒரு சிறிய காருக்கு வந்து சேர்ந்தது. 2014 தொடக்கம் ஐரோப்பாவில் விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயமாயிற்று.

இதே நிறுவனத்தில்தான் பேலா பாரென்யி என்ற பொறியியலாளர், மோதும்போது காரின் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி உள்ளிருப்பவர்களைக் காக்க வேண்டும் என்ற கருத்துக்கு 1951 இல் காப்புரிமை கேட்டார். 1978 இல், சக்கரங்கள் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கையும் 1981 இல் காற்றுப்பையையும் தங்கள் உயர்ரக எஸ்-கிளாஸ் கார்களில் கொண்டுவந்தவர்களும் இவர்களே. அப்படிப்பட்டவர்கள் தொண்ணூறுகளில் ஏன் சறுக்கினார்கள்? செலவைக் குறைக்கும் அவசரமும், 1998 இல் அமெரிக்கக் கார் நிறுவனமான கிறைஸ்லரை இணைத்துக்கொண்ட பேராசையும் காரணங்கள் என்பது பலரின் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அந்த ஆண்டுகளின் ஈ-கிளாஸ் கார்கள் துருப்பிடிக்கும் என்ற பேச்சு ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. கிறைஸ்லரை 2007 இல் கைகழுவினார்கள்.

டோர்ட்முண்ட்

துருவைப் பற்றி ஒஸ்லோ நண்பர் எழுதியதை மறுக்க மாட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டாக்ஸித் தரிப்பிடத்தில் ஏனைய நிறுவனங்களின் கார்கள் ஒவ்வொன்றாகக் கூடத் தொடங்கியதும் அந்தக் காலத்துக்குப் பிறகுதான். நாமக்கல் நண்பரிடம் ஒரு கேள்வி: தந்தையாரின் லொறிக்கு என்ன ஆயிற்று?

நாமக்கல்

1988-இல் விற்றுவிட்டார். வாங்கியவர் செங்கல் சூளைக்காரர். அதன் பிறகு எங்கே போயிற்றோ தெரியாது. விற்பதற்கு முதல் நாள் இரவு, என் தந்தையார் திருப்புளியும் டார்ச் விளக்குமாகச் செட்டுக்குப் போய் அந்த நட்சத்திரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். வாங்கியவர் அதைக் கவனித்து 50 ரூபாய் குறைத்துக் கொடுத்தார் என்று அம்மா இன்றும் குறைபட்டுக்கொள்வார். நட்சத்திரம் இப்போது என் அலுவலக மேசையில், பில்டிகள் (லாரிச் சரக்கு ரசீதுகள்) காற்றில் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன். 2021 டிசம்பரில் லாரிப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் கார் நிறுவனம் மெர்சிடிஸ்-பென்ஸ் குழுமம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இச்செய்தியை நாளிதழில் படித்தபோதும் அது மேசைமேல்தான் இருந்தது. ஸ்டுட்கார்ட் நண்பர் அடுத்த முறை உறவினர்களை அழைத்துப் போகும்போது, 1960-களின் லாரி முகப்பு ஏதேனும் அங்கே இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டுகிறேன். எங்கள் நட்சத்திரத்தின் வளையத்தில் ஒரு மூன்றாவது திருகுத் துளை இருக்கிறது. அது ஜாம்ஷெட்பூரில் போட்டதா, சங்ககிரிப் பட்டறையில் போட்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.