கன்று வீசிய மாட்டை விற்கலாமா, வைத்துக்கொள்வதா?

பவானிக்கரை:
என் கலப்பினப் பசு ஏழாம் மாதத்திலேயே சினை கலைந்து கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடியும் விழவில்லை. ரத்தப் பரிசோதனையில் புரூசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய் என்று வந்திருக்கிறது. மருந்தில்லை, தனியாகக் கட்டுங்கள் என்கிறார் டாக்டர். தரகரோ நல்ல விலை சொல்கிறார். என்ன செய்யலாம்?

சந்தைமேடு:
விற்றுவிடுங்கள் அண்ணா. பெரும்பாலும் ஒரு தடவைதான் வீசும், அடுத்த ஈற்றில் ஒழுங்காகக் கன்று போட்டுவிடும். வாங்குகிறவருக்கும் நட்டமில்லை. சும்மா கட்டிவைத்துத் தீவனம் போட நாம் என்ன ஜமீன்தாரா?

கால்நடைத்தோழி:
ஒரு தடவைதான் வீசும் என்பது பெரும்பாலும் சரி. வில்லங்கமே அதில்தான் இருக்கிறது. கன்று நல்லபடியாகப் பிறந்தாலும் கிருமி மடியிலும் நிணநீர்க் கணுக்களிலும் தங்கிவிடும். ஈற்றின்போது நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் கோடிக்கணக்கில் வெளியே வரும். பக்கத்து மாடு அதை நக்கினாலோ, அது பட்ட புல்லைத் தின்றாலோ தொற்றிக்கொள்ளும். செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வதால் மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டும் ஒழிவதில்லை. வாங்குகிறவர் தொழுவத்தில் நாலு சினை மாடு நின்றால் அவருக்கு நட்டமா இல்லையா? சட்டப்படியும் தவறு. 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இந்த நோய் இருக்கிறது. நோயுள்ள மாட்டைச் சந்தைக்கு ஓட்டக் கூடாது.

சந்தைமேடு:
சட்டம் பேசினால் முழுசாகப் பேசுங்கள் டாக்டரம்மா. ஆஸ்திரேலியா இந்த நோயை 1989-லேயே ஒழித்துவிட்டது. எப்படி? சோதித்தார்கள், நோயுள்ளதை வெட்டிக் கழித்தார்கள், மாட்டுக்காரருக்கு ஈட்டுத்தொகை கொடுத்தார்கள். இங்கே பசுவைக் கழிக்கவும் வழியில்லை, கைக்குக் காசும் வராது. நோய் என்று தெரிந்தால் நட்டம், தெரியாவிட்டால் விலை. இப்படி வைத்துக்கொண்டு, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வாருங்கள் என்றால் எவன் வருவான்?

ஆட்டுப்பட்டி:
அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் மாமா வெறுங்கையால் நஞ்சுக்கொடியை இழுத்துப்போட்டவர். மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், சாயங்காலமானால் வியர்வை, இடுப்பைத் தூக்க முடியாத வலி. டைபாய்டு என்றே வைத்தியம் ஓடியது. கடைசியில் பார்த்தால் இதே நோயின் கிருமி, புரூசெல்லா. டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம் சாப்பிட்டார். இந்த மாட்டை வாங்குகிற வீட்டிலும் யாரோ ஒருவர் கையை விடத்தானே போகிறார்? சரி, டாக்டர், எல்லா மாட்டுக்கும் தடுப்பூசி போட்டுவிட்டால் என்ன?

கால்நடைத்தோழி:
முடியாது தம்பி. நம் ஊரில் போடுவது எஸ்-19, உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்தது. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும், ஆயுளில் ஒரே ஒரு தடவை. சினை மாட்டுக்குப் போட்டால் அதுவே கன்று வீசவைக்கலாம். வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் பிறகு ரத்தப் பரிசோதனையில் நோயா ஊசியா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். காளைக்கன்றுக்கு அறவே கூடாது. போடுகிற ஆளுக்கு ஊசி குத்தினால் அவருக்கே காய்ச்சல் வரும், எங்கள் ஆட்கள் சிலர் பட்டிருக்கிறார்கள். 2019-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் இதை இலவசமாகவே போடுகிறார்கள். ஈட்டுத்தொகை விஷயத்தில் சந்தைமேடு சொல்வதை நான் மறுக்கவில்லை. கேட்க வேண்டியது அரசிடம். அதற்காகப் பக்கத்து ஊர்க்காரர் தலையில் கட்டுவதா?

சந்தைமேடு:
கன்றுக்கு ஊசி, சரி. நோய் வந்த மாட்டுக்கு? கறவை வற்றிய பிறகு கோசாலைக்குத்தானே அனுப்புவீர்கள்? அங்கே நிற்கும் மாடுகள் மாடில்லையா?

கால்நடைத்தோழி:
கோசாலைக்கும் அனுப்பக் கூடாது. இனி சினைக்கு விடாதீர்கள். ஈற்று இல்லையென்றால் கிருமி வெளியேறுவது வெகுவாகக் குறையும், பாலில் மட்டும் வரலாம். மற்ற மாடுகளைக் கறந்த பிறகு இதைக் கடைசியாகக் கறந்து, பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். வற்றிய பிறகு தீவனச் செலவு உங்கள் தலையில்தான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

பவானிக்கரை:
தரகரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்ற மாடுகளுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்கிறேன். ஐந்து மாதக் கிடேரி இரண்டு நிற்கின்றன.

கால்நடைத்தோழி:
அந்த இரண்டுக்கும் உடனே ஊசிக்குக் கேளுங்கள். மற்றவற்றுக்கு இப்போது இல்லை என்று வந்தாலும் நம்பி இருந்துவிடாதீர்கள், சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கன்று வீசிய இடத்தில் சுண்ணாம்பு போட்டீர்களா? நஞ்சுக்கொடியை எங்கே போட்டீர்கள்?

பவானிக்கரை:
வாய்க்கால் ஓரம் புதைத்தோம். அவ்வளவு ஆழமில்லை.

கால்நடைத்தோழி:
நாய் கிளறும். கையுறை போட்டுக்கொண்டு சுண்ணாம்பு கொட்டி இன்னும் ஆழமாகப் புதையுங்கள், வாய்க்காலை விட்டுத் தள்ளி.